உங்கள் ஓட்டு யாருடையது?

காய்கறி வண்டி வந்து நின்றால் போதும், எங்கள் தெருவில் ஒரு சின்ன பார்லிமெண்டே கூடிவிடும். போன தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பும் அப்படித்தான் கூடியிருந்தது. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே எதிர்வீட்டு அம்மாளைக் கேட்டேன்:

"என்ன அக்கா, யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ணியாச்சா?"

"இன்னும் இல்லை. இவர் இன்னும் சொல்லலையே!" என்றார் அவர், மிகச் சாதாரணமாக.

வண்டிக்காரர் கூடச் சிரித்துவிட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளை எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கணவரோடு ஒரு மாதம் வாதாடி ஜெயித்தவர். வீட்டுக்கு வண்ணம் பூசுவதில் கணவர் நீலம் என்றால் இவர் மஞ்சள் என்பார். சுவர் மஞ்சளாகத்தான் இருக்கிறது! கத்தரிக்காயில் ஒரு சொத்தை இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவர், ஐந்து வருஷத்துக்கு நாட்டை யார் ஆள வேண்டும் என்கிற விஷயத்தில் மட்டும் "இவர் சொல்லட்டும்" என்று காத்திருக்கிறார்.

சகோதரிகளே, இது அவர் ஒருவருடைய கதை அல்ல. நம்மில் எத்தனையோ பேருடைய கதை. ஆகையால் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் ஓட்டு யாருடையது?

பெயர் சொல்லாத 28 லட்சம் பேர்

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் ஆரம்பித்து 1952 பிப்ரவரி வரையில் நடந்தது. பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் என்ற பேதமில்லாமல் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. சுமார் 17 கோடி வாக்காளர்கள். அவர்களில் கிட்டத்தட்ட 8 கோடிப் பேர் பெண்கள். உலகம் அதுவரை கண்டிராத பெரிய தேர்தல் அது. அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென்.

வாக்காளர் பட்டியல் தயாரிக்க ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வட இந்தியாவில் பல இடங்களில் ஒரு விசித்திரமான தொல்லை ஏற்பட்டது. "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்றால் பெயர் வராது. "இன்னாருடைய மனைவி என்று எழுதிக்கொள்ளுங்கள்", "இன்னாருடைய தாயார் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றே பதில் வரும். அந்நியனிடம் சொந்தப் பெயரைச் சொல்வது வழக்கமில்லையாம்!

நம் பக்கத்தில் இந்த வழக்கம் வேறு மாதிரி. சொந்தப் பெயரைச் சொல்லிவிடுவோம். கணவர் பெயரைச் சொல்ல மாட்டோம். "திருச்செந்தூர்ச் சாமி பேருதான்" என்று பாட்டிமார் ஜாடை காட்ட, எழுதுகிறவர் செந்திலா, முருகனா, சுப்பிரமணியனா, ஆறுமுகமா என்று திண்டாடிய வேடிக்கைகள் எத்தனையோ!

ஆனால் அங்கே நடந்தது வேடிக்கையாக முடியவில்லை. சுகுமார் சென் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். ஓட்டு என்பது ஒரு பிரஜைக்கு உரியது. 'இன்னாருடைய மனைவி' என்று ஒரு பிரஜை கிடையாது. பெயரைச் சொன்னால்தான் பட்டியலில் இடம் என்பது அவருடைய கட்சி. பெயரைச் சொல்லக் கூடுதல் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் சுமார் 28 லட்சம் பெண்கள் பெயரைச் சொல்லவில்லை. அத்தனை பேரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில்தான் இவர்கள் அதிகம்.

அடாடா, என்ன கொடுமை என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அதிகாரி பெண் குலத்துக்கு ஒரு மரியாதை செய்திருக்கிறார் என்றும் சொல்லத் தோன்றுகிறது. "அம்மா, நீ இன்னாருடைய நிழல் அல்ல, நீயே ஓர் ஆள்" என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி வைத்தவர் அவர்.

இன்று நாம் பெயரைச் சொல்லிவிடுகிறோம். பட்டியலில் புகைப்படம் கூட வந்துவிட்டது. ஆனால் "இவர் இன்னும் சொல்லலையே" என்று காத்திருந்தால், பெயர் நம்முடையதாகவும் ஓட்டு இன்னாருடைய மனைவியின் ஓட்டாகவும்தானே ஆகிறது?

புருஷனுக்கு இரண்டு ஓட்டா?

பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டபோது, அதை எதிர்த்தவர்கள் பல தேசங்களிலும் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: "மனைவி எப்படியும் புருஷன் சொல்கிறபடிதான் போடப் போகிறாள். அவளுக்கு ஓட்டுக் கொடுப்பதும் புருஷனுக்கு இரண்டு ஓட்டுக் கொடுப்பதும் ஒன்றுதான்!"

இந்த ஏளனத்தையெல்லாம் தாண்டித்தான் நம் முன்னோர்கள் வந்தார்கள். 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தபோது, சரோஜினி நாயுடுவின் தலைமையில் ஒரு பெண்கள் தூதுக்குழு அவரைச் சந்தித்தது. ஆண்களுக்குக் கொடுக்கிற ஓட்டைப் பெண்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டது. ஆராய வந்த கமிட்டியோ, இந்தியப் பெண்களுக்கு அதற்குக் காலம் கனியவில்லை என்று கையை விரித்தது. கடைசியில், அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். முதலில் தீர்மானித்தது எந்த மாகாணம் தெரியுமா? நம்முடைய சென்னை மாகாணந்தான். வருஷம் 1921.

ஆனால் அப்போது ஓட்டுக்குச் சொத்து வேண்டும். எத்தனை பெண்கள் பெயரில் சொத்து இருந்தது? ஆகவே விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் ஓட்டுக் கிடைத்தது. 1935-ம் வருஷத்துச் சட்டத்தில் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார்கள். புருஷனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால், அந்தக் காரணத்தினால் மனைவிக்கும் ஓட்டு!

இதைக் கேட்டு நம் பெண்கள் சங்கங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எதிர்த்தன! "மனைவி என்பதற்காக எங்களுக்கு ஓட்டு வேண்டாம். வயது வந்த பிரஜை என்பதற்காகக் கொடுங்கள்" என்பது அவர்கள் வாதம். வலிய வருகிற ஓட்டை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும்! அவர்கள் கேட்டது 1950-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது கிடைத்தது. பிற்பாடு 1989-ல் ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

"எல்லாம் சரி, எனக்கு அரசியல் தெரியாதே!" என்று சிலர் சொல்வீர்கள்.

அரசியல் நம்பிக்கை என்றவுடன், அது ஏதோ தடிப் புத்தகங்களில் இருப்பது, மேடையில் முழங்குகிறவர்களுக்குச் சொந்தமானது என்று நினைத்துக்கொள்கிறோம். வாஸ்தவத்தில் அது பிறப்பது வீட்டுக்குள்ளேதான். உதாரணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் பாருங்கள்.

அவர் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் பிறந்த பெண்களுக்கு நேர்ந்த அவமானம் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினராக அமர்ந்து, உப தலைவராகவும் ஆனார். அங்கே போனதும் அவர் கையிலெடுத்த காரியங்களுள் முக்கியமானது எது? பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பது. முழுமையான சட்டம் 1947-ல்தான் வந்தது. இருபது வருஷம்! அவ்வளவு காலம் ஒரு காரியத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது, சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த நம்பிக்கை.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நம்மில் ஒருவராக இருந்தால் அழுதிருப்போம், விதி என்றிருப்போம். அவரும் அழுதிருப்பார். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஏழை எளியவர்களுக்கும் அந்த நோய்க்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடினார். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் உருவாயிற்று. ஒரு வீட்டுக்குள் நேர்ந்த துக்கம் ஊருக்கே உரிய கோரிக்கையாக மாறிவிட்டது. அரசியல் நம்பிக்கை என்பது இதுதான்.

துபகுண்டா கிராமத்தில் ஒரு பாடம்

டாக்டர் அம்மாள் படித்தவர், பெரியவர், நமக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்கிறீர்களா? அப்படியானால் நம் பக்கத்து ஆந்திரத்துக்கு வாருங்கள்.

நெல்லூர் ஜில்லாவில் துபகுண்டா என்று ஒரு கிராமம். கூலி வேலை செய்யும் பெண்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் எழுத்தறிவு வகுப்பில் அட்சரம் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாடப் புத்தகத்தில் ஒரு கதை வந்தது. சாராயத்தால் சீரழிந்த ஊரில் பெண்கள் ஒன்று கூடிச் சாராயக் கடையை மூட வைக்கிறார்கள் என்பது கதை.

படித்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது கதையா, நம் வீடா? வாரக் கூலி வீடு வந்து சேருவதற்குள் பாதி சாராயக் கடைக்குப் போகிறது. மிச்சமிருக்கும் பாதிக்கும் அடி, உதை. கதையில் நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது? கிளம்பிவிட்டார்கள். சாராயம் ஊருக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். அவர்களில் ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் நாடெங்கும் பரவியது.

1992-ல் இந்த நெருப்பு ஜில்லா முழுவதும் பற்றிக்கொண்டது. சாராயக் கடை ஏலம் நடக்கும் இடத்திலே பெண்கள் திரண்டு நின்றார்கள். ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போயிற்று. அரசாங்கத்துக்கு அதிலிருந்து வந்த வருமானமோ ஏராளம். எனினும் பெண்களின் பிடிவாதத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது.

அதோடு விட்டார்களா? 1994 டிசம்பரில் சட்டசபைத் தேர்தல் வந்தது. பூரண மதுவிலக்குக் கொண்டுவருவேன் என்று என்.டி. ராமராவ் வாக்குக் கொடுத்தார். அமோகமாக வெற்றி பெற்றார். இரண்டு ரூபாய்க்கு அரிசி போன்ற வேறு காரணங்களும் அந்த வெற்றிக்கு உண்டு. ஆனாலும் பெண்களின் ஓட்டு அதில் பெரும் பங்கு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1995 ஜனவரியில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

இங்கேயே சுபம் போட்டு முடித்தால் நன்றாயிருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த வருஷமே ராமராவ் பதவி இழந்தார். வருமானம் போதவில்லை, கள்ளச் சரக்கு பெருகுகிறது என்று காரணங்கள் சொல்லி, அதே கட்சியின் ஆட்சியிலேயே 1997-ல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் பெண்கள் தோற்றுவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலிக்காரப் பெண் எதைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று எந்தத் தலைவரும் கேட்காத காலம் போய், கேட்டே தீரவேண்டிய காலத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். ஆனால் நமக்கு இதில் ஒரு படிப்பினையும் இருக்கிறது. ஓட்டுப் போட்ட அன்றோடு நம்பிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது. வாக்குக் கொடுத்தவர் என்ன செய்கிறார் என்று ஐந்து வருஷமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் மூழ்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா?

"ஏனென்றால்" என்ற ஒரு சொல்

சரி, நம்முடைய நம்பிக்கை என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய பரீட்சை ஒன்று இருக்கிறது. "நான் இன்னாருக்கு ஓட்டுப் போடப் போகிறேன்" என்று மனத்துக்குள் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "ஏனென்றால்..." என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடித்துப் பாருங்கள்.

"ஏனென்றால் எங்கள் வீட்டில் பரம்பரையாக அவர்களுக்குத்தான் போடுகிறோம்" என்று வந்தால், அது பழக்கம். "ஏனென்றால் அபேட்சகர் நம் ஜாதிக்காரர்" என்று வந்தால், கல்யாணச் சம்பந்தமா பேசப் போகிறோம்? "ஏனென்றால் வீட்டுக்கு வந்து கவர் கொடுத்தார்கள்" என்று வந்தால், அது வியாபாரம். அதுவும் கொடுக்கிறவர், வாங்குகிறவர் இருவருக்குமே சட்டப்படி குற்றமான வியாபாரம்.

"ஏனென்றால் என் பெண் வேலை முடிந்து இரவு பஸ்ஸில் பயமில்லாமல் வர வேண்டும்", "ஏனென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்க வேண்டும்", "ஏனென்றால் யாருடைய சாமியையும் யாரும் பழிக்காத ஊரில் என் குழந்தைகள் வளர வேண்டும்", "ஏனென்றால் வரிப் பணத்தை வீண் செய்யக் கூடாது" என்று வந்தால், அது நம்பிக்கை. அதில் உங்கள் வாழ்க்கை இருக்கிறது. ஒருவருடைய நம்பிக்கை இன்னொருவருடையது போல இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் குடிதண்ணீர் பெரிது. பக்கத்து வீட்டாருக்குத் தாய்மொழி பெரிது. மாடி வீட்டாருக்குத் தொழில் பெருக வேண்டும் என்பது பெரிது. மூன்று பேரும் மூன்று சின்னத்துக்குப் போடலாம். மூன்றும் நேர்மையான ஓட்டுக்களே.

கணவர் யோசனை சொன்னால் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதையும், பத்திரிகை எழுதுவதையும், எதிர்க்கட்சி பேசுவதையும் கேளுங்கள். நகைக் கடையில் நாலு கடை விசாரிக்கிற நாம் இதில் விசாரிக்கக் கூடாதா? விசாரித்த பிறகு அவர் சொன்னதே சரி என்று பட்டால் அதற்கே போடுங்கள். அப்போது அது உங்கள் ஓட்டு. எதுவும் பிடிக்கவில்லை என்றால், யாருக்கும் ஓட்டில்லை என்று தெரிவிக்கவும் 2013-லிருந்து இயந்திரத்தில் கடைசியாக ஒரு பொத்தான் இருக்கிறது.

வேறு விதமாகப் போட்டால் வீட்டில் சண்டை வருமே என்கிறீர்களா? தேர்தல் சட்டம் உங்களுக்கு ஒரு மறைப்புத் தட்டியைக் கொடுத்திருக்கிறது. அதற்குள்ளே நீங்கள் தனி. நீங்கள் அழுத்திய சின்னம் அச்சிட்ட சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரியும். பிறகு தானே பெட்டிக்குள் விழுந்துவிடும். அந்த ஏழு விநாடியில் உங்கள் ஓட்டைப் பார்க்க உலகத்தில் உங்களுக்கு மட்டுமே உரிமை. அந்த ரகசியத்தை வெளியிடும் தேர்தல் ஊழியருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்த பெண்களில் பலருடைய பெயர் பிறந்த வீட்டுப் பட்டியலிலேயே கிடக்கிறது. முகவரி மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேரப் படிவம் 6. தேர்தல் நெருங்கும் வரையில் காத்திராமல் இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டியலில் பெயரில்லாத நம்பிக்கையால் என்ன பயன்?

பாட்டியின் ரகசியம்

எங்கள் அத்தைப் பாட்டி ஒருவர் இருந்தார். ஐந்தாவது வரைதான் படித்தவர். அதற்கு மேல் படிக்க ஊரில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தாத்தாவோ தீவிரக் கட்சிக்காரர். வீட்டு வாசலில் கொடி பறக்கும். எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் பாட்டி மோர் கொடுத்து உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எட்டாவது முடிச்ச பொண்ணு இந்த ஊர்ல மேல எங்கப்பா படிப்பா?" வந்தவர் தலையைச் சொறிந்தால் பாட்டியும் பேச்சை நிறுத்திவிடுவார்.

அந்த ஊருக்குப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி வந்தது. பாட்டியின் கேள்வியால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் திறப்பு விழாவுக்குப் பாட்டி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாட்டிக்கு எண்பது வயதானபோது ஒரு நாள் நான் மெல்லக் கேட்டேன்: "பாட்டி, நீங்க எப்பவும் தாத்தா கட்சிக்குத்தானே போட்டீங்க?"

பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். தாத்தா காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு தடவை போடலை."

"எந்த ரெண்டு தடவை பாட்டி?"

"போடி! அதுக்குப் பேர்தான் ரகசிய ஓட்டு."

இந்தக் கதையை எதிர்வீட்டு அம்மாளிடம் அன்றே சொன்னேன். கேட்டுச் சிரித்துவிட்டுக் கத்தரிக்காயோடு உள்ளே போய்விட்டார். ஓட்டுப் போடும் நாளன்று காலையில் கணவரும் மனைவியுமாக வரிசையில் நின்றார்கள். வெளியே வந்ததும் அவரிடம், "என்ன அக்கா, இவர் சொல்லிட்டாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாரே!" என்றார். மை வைத்த விரலைப் பார்த்துக்கொண்டே, "நானும் கேட்டுக்கிட்டேன்" என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதும் நியாயமில்லை அல்லவா?